பெருஞ்சுவரில் வாய்ப்பூட்டு

கிராம்பை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டால் பேச்சு வராது. இது நானாகக் கண்டுபிடித்தது. பஸ்ஸில் குமட்டினால் ஆகும் என்று கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் இப்போது வாய்க்குப் பூட்டாகப் பயன்பட்டுத் தீர்ந்துகொண்டே வருகிறது. இன்றைக்குப் பெருஞ்சுவர், நாளைக்கு ரயில், அப்புறம் ஷாங்காய், அதற்குள் தீர்ந்துபோனால் சீனாக்காரன் கடையில் கிராம்புக்கு எப்படிச் சைகை காட்டுவது, என் ஆங்கிலத்தைத்தான் இங்கே ஒருத்தரும் சீண்டுவதில்லையே. கன்னியாஸ்திரிகள் பிரம்பால் தட்டித் தட்டி உருவாக்கிய ஆங்கிலம், ஓட்டல்காரப் பெண்ணிடம் முழு வாக்கியமாகக் கேட்டேன், அவள் போனை நீட்டி இதில் பேசுங்கள் என்றாள், அந்தப் போன் என்னத்தைப் புரிந்துகொண்டதோ இரண்டு தலையணை வந்தது, நான் கேட்டது வெந்நீர். அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லை. பக்கத்தில் இவர் ஆரஞ்சுத் தொப்பியோடு தூங்குகிறார், டூர் கம்பெனி கொடுத்த தொப்பி, போட்டால் எல்லோரும் ரோடு போடுகிற ஆட்கள் மாதிரி இருக்கிறோம் என்று முதல் நாளே சொல்ல வந்தேன், சொல்லவில்லை, கிராம்பு. "அம்மா, பத்து நாள் மட்டும் வாயைத் திறக்காதே, ப்ளீஸ்" என்று ஏர்போர்ட்டில் சிந்துஜா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், என் மகள், நான் பெற்றது, பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு போகாமல் இவரும் பக்கத்தில் நின்று, "கண்ணு சொல்றதக் கேளு மனோ" என்றார். மனோன்மணி என்ற முழுப்பெயரை மனோ என்று சுருக்கி, அந்த மனோவையும் இப்போது ஊமையாக்கி, பிளேனில் ஏற்றிக் கூட்டிவந்தாயிற்று.

முன் சீட்டில் தெரிகிற அந்தக் கொண்டை சௌந்தரம் அக்காவுடையது. கோபி ஊர்க்காரர். அவர் மகன் கிருபாகரன் கால்நடை டாக்டர், என் மகள் பெங்களூரில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவள், இரண்டும் ஆறு மாதமாகப் போனில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டன, சிந்துஜா அந்தப் பையன் பெயரைச் சொல்லும்போது குரல் ஒரு படி கீழே இறங்குகிறது, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம். இனி மிச்சமிருப்பது நாங்கள், பெரியவர்கள். தரகர்தான் யோசனை சொன்னார்: "ஒறம்பரையா, சொந்தபந்தமாட்ட வந்து காப்பி குடிச்சுட்டுப் போனா யாருக்கு என்னங்க தெரியும். ரெண்டு ஊடும் ஒண்ணா ஒரு டூர் போய்ட்டு வாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்தாப்பலயும் இருக்கும், ஊரு சுத்துனாப்பலயும் இருக்கும்." ஆக, பஸ்ஸில் இருக்கிற மற்றவர்களுக்கு நாங்கள் தற்செயலாக ஒரே டூரில் வந்தவர்கள், எங்களுக்கு மட்டும் இது பரீட்சை. பெண் பார்க்கிறது எனக்குத் தெரியும், பஜ்ஜி, சொஜ்ஜி, நடந்து காட்டு, பாடிக் காட்டு, எல்லாம் நானே அனுபவித்தது. இது பெண்ணைப் பெற்றவளைப் பார்க்கிற சடங்கு. நடந்து காட்டிக்கொண்டிருக்கிறேன், சீனா முழுக்க.

பஸ் நகரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது போல, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நட்ட மரங்கள், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி, ஒரு மரமாவது வரிசையை விட்டு விலகி நிற்கக்கூடாதா. அசெம்பிளியில் பேசினால் சிஸ்டர் பெர்னடெட் உதட்டில் விரலை வைத்து மேடையில் நிற்கச் சொல்வார், பாதி நாள் நான் அங்கேதான் நின்றேன், அங்கிருந்து பார்த்தால் எல்லோர் தலை வகிடும் தெரியும், எவள் எண்ணெய் வைக்கவில்லை, எவள் ரிப்பன் சாயம் போனது, எல்லாம். தண்டனை என்று நினைத்து எனக்கு உயரத்தைக் கொடுத்தார்கள். சௌந்தரம் அக்கா திரும்பிப் பார்க்கிறார். சீட் இடுக்கு வழியாக ஒப்புட்டு, போளி என்பார்களே அது, வருகிறது, அலுமினியக் காகிதத்தில். "சாப்புடுங்க. நானே தட்டுனது. உங்க பொண்ணு ஒப்புட்டுத் தட்டுவாளுங்களா?" கிராம்பை இடது பக்கம் தள்ளினேன். பாலம் தட்டுவாள், ஆற்றுக்குக் குறுக்கே, லாரி போகிற மாதிரி, என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. "பழகிக்குவாங்க" என்றேன். பழகிக்குவாங்க. இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நொடி அதிகமாகவே, அப்புறம் தன் கணவர் பொன்னுசாமி அண்ணனைப் பார்த்தார், அவர் ஜன்னலைப் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அவரைப் பார்க்கிறார், மார்க் போடுகிறவர் அவர் போல. வந்த நாளிலிருந்து கேள்விதான். பொண்ணு காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பா. பொண்ணுக்குக் கோலம் வருமா. பொண்ணு ராத்திரி ஆபீஸ் போனெல்லாம் பேசுவாளா. ஒப்புட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

முதலில் ஒரு பச்சைக்கல் கடையில் இறக்கினார்கள். பெருஞ்சுவருக்குப் போகிறோம் என்று கூட்டிவந்து கடைக்குள் அடைக்கிற வித்தை எல்லா நாட்டிலும் ஒன்றுதான், இதற்குச் சீனா வரை வர வேண்டுமா, எங்கள் ஊர் ஒப்பணக்கார வீதியே போதுமே. எங்கள் கைடு லில்லி, சின்னப் பெண், கையில் குச்சி, குச்சியில் ஒரு பொம்மை, நாங்கள் பொம்மைக்குப் பின்னால் போகிறோம். லில்லி என்பது எங்களுக்காக வைத்துக்கொண்ட பெயராம், சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாதாம். கேட்டு, சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. இப்படிக் கேட்காமல் விட்டது எல்லாம் சேர்ந்து தொண்டையில் ஒரு கட்டியாக உட்கார்ந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டினால் டான்சில் என்பார். சௌந்தரம் அக்கா ஒரு பச்சை வளையலைக் கையில் மாட்டிப் பார்த்தார், மாட்டிக்கொண்டது, கழற்ற வரவில்லை, கடைக்காரப் பெண் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். வளையலைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "கம்ப்யூட்டர் தட்டறவங்களுக்கு வளையல் எடைஞ்சலுங்களா? அட, கல்யாணத்துக்கப்பறம் வேலை எதுக்குங்க, விட்ற மாட்டாளா?" சோப்பு நுரை விரல் வழியாக வழிந்தது. எனக்குக் காது சூடாகி, கழுத்து சூடாகி, கடையில் இருந்த அத்தனை பச்சையும் ஒரு நிமிடம் ஆடியது. இதே கேள்வி. இதே கேள்விக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபமே எழுந்து நின்றது. கிராம்பைக் கடித்துவிட்டேன், நாக்கெல்லாம் மரத்துப்போயிற்று. "அவளே முடிவு பண்ணுவா" என்று முனகினேன், அதுகூட அதிகப்படியோ என்று பயந்து, "எல்லாரையும் கலந்துக்கிட்டு" என்று ஒட்டுப்போட்டேன். அக்கா வளையலைத் தட்டில் வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன சொன்னால்தான் இந்தப் பொம்பளைக்குத் திருப்தி. இவரைப் பார்த்தேன். ஒரு கல் குதிரையை அடியில் திருப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் செட் விற்றவர், எதையும் அடியில் திருப்பித்தான் பார்ப்பார்.

பஸ் மறுபடி கிளம்பியதும் லில்லி மைக்கைப் பிடித்தாள். மேலே போகத் தொங்கு நாற்காலி, கீழே வர இரண்டு வழி, தொங்கு நாற்காலியிலேயே திரும்பி வரலாம் அல்லது டொபாகன், எது வேண்டுமோ டிக்கெட் இப்போதே சொல்லுங்கள் என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாள். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிற பளபளப்பான உலோகப் பாதை, மரங்களுக்கு நடுவே. பின் சீட்டிலிருந்து ஒருவர், "அட, நம்ம பழனி விஞ்ச்சுங்க" என்றார். அவ்வளவுதான். பஸ் முழுக்க விஞ்ச், விஞ்ச் என்று பரவியது. பழனிக்கு வருடாவருடம் போகிற கூட்டம், தண்டவாளம் மாதிரி எதையாவது மலையில் பார்த்தால் வேறு என்ன தோன்றும். உள்ளே பெஞ்சு இருக்கும், உட்கார்ந்தால் கயிறு இழுத்துக்கொள்ளும், கண்ணாடி ஜன்னல், இறங்கினால் பஞ்சாமிர்தக் கடை. "தொங்கிட்டே வர்றதுக்கு விஞ்ச்சே மேல், மூடாக்காவாச்சும் இருக்கும்" என்று சௌந்தரம் அக்கா முதலில் கையைத் தூக்கினார், தொப்பிகள் எல்லாம் தூக்கின, இவரும். எனக்குத் தெரியும். டொபாகன் என்றால் என்ன என்று அந்தப் பஸ்ஸில் எனக்கு மட்டும் தெரியும், ஏழாம் வகுப்பு ரீடரில் ஒரு பாடம், பனிமலையில் இரண்டு குழந்தைகள் ஒரு பலகையில் உட்கார்ந்து சறுக்கி வருவார்கள், வெளியே சித்திரை வெயில், மின்விசிறி கரகரவென்று சுற்றும், சிஸ்டர் பெர்னடெட் கரும்பலகையில் படம் வரைந்து, கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது, நீயும் சரிவும்தான் என்பார். நான் அன்றைக்கு ராத்திரி பாயில் உட்கார்ந்து சறுக்கிப் பார்த்தேன், சிமெண்டுத் தரை, போகவில்லை. எழுந்து சொல்லியிருக்கலாம். ஐயா, அது விஞ்ச் இல்லை, ஆளுக்கு ஒரு தட்டு, தட்டில் உட்கார்ந்து மலையிலிருந்து விழ வேண்டும். சொன்னால், பாருங்க, கான்வென்ட்டுக்காரி கிளாஸ் எடுக்கிறா. சொன்னால் சௌந்தரம் அக்கா திரும்பி ஒரு பார்வை. சிந்துஜாவின் கை என் கையில், ப்ளீஸ். புதுக் கிராம்பு ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். டிக்கெட்டு வாங்கியாயிற்று. ஒரு பஸ் நிறைய ஆட்களை வாயை மூடிக்கொண்டே மலையிலிருந்து தள்ளிவிடப் போகிறேன், இதற்குப் பெயர் அடக்கம்.

தொங்கு நாற்காலி இரண்டிரண்டு பேருக்கு. ஆண்கள் இரண்டு பேரும் ஒன்றாக முன்னால் ஏறிப் போய்விட்டார்கள், எனக்கு அக்கா. முழங்காலுக்கு அடியில் நாற்காலி வந்து இடித்து அள்ளிக்கொண்டு போயிற்று, கால் தரையை விட்டது, அக்காவின் பட்டுப் புடவைக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ காற்றில் ஆடியது. கீழே மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன, ஏதோ ஒன்றில் மட்டும் ஆரஞ்சு ஆரஞ்சாகப் பழம், இலையே இல்லாமல். என்ன பழம் என்று கேட்க லில்லி இல்லை. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி, சக்கரம் ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டும்போது மட்டும் ஒரு கடகட. அந்த அமைதியில்தான் அக்கா கேட்டார். "முன்னாடி ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சாமே. ஏனுங்க நின்னுச்சு?" நாற்காலியிலிருந்து இறங்கிப் போகவும் முடியாது. தரகர் சொல்லிக்கொடுத்திருந்தார், கேட்டா ஜாதகம்னு சொல்லிருங்க. இவரும் சொன்னார், சிந்துஜா மட்டும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இப்போது நினைத்தால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜாதகமா. அந்த நாளை, என் வாழ்க்கையில் நான் நிமிர்ந்து நின்ற அந்த ஒரு நாளை ஜாதகம் என்று சொல்ல வேண்டுமாம். மண்டபம் நிறைய ஆள். தட்டு மாற்றுகிற நேரம். தட்டில் சேலை, மஞ்சள், பழம், வெற்றிலை பாக்கு, என் கையில் அவர்கள் தட்டு, அப்போது பையனுடைய அப்பா தொண்டையைச் செருமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கல்யாணத்தோட மருமக வேலைக்கு ஒரு கும்பிடு போட்றட்டும், ஊட்ல மாடு கன்னு பாக்க ஆளில்லை" என்றார், சிரித்தார்கள், சிந்துஜா தலை குனிந்தாள், அவள் தலை குனிந்து நான் பார்த்ததே கிடையாது, அந்த வகிடு, அசெம்பிளி மேடையிலிருந்து நான் பார்த்த மாதிரி அந்த நேர் வகிடு, அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது, "மாடு பாக்க ஆள் வேணும்னா சந்தைல சொல்லி வைங்க, நல்ல ஆளாக் கிடைக்கும். எம் பொண்ணு பாலம் கட்டறவ" என்று தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை. மேளக்காரர் எந்த நேரத்துக்கு எதை வாசிப்பது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். வீட்டுக்குப் போகிற வழியில் இவர் சொன்னது ஒன்றுதான், "இத்தனை சாப்பாட்ட என்ன பண்றது?" எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினோம். காரில் சிந்துஜா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இன்றுவரை எனக்கு வருத்தமில்லை, ஒரு கடுகளவு இல்லை. அது நடந்த பிறகுதான் ஊர் என்னை வாயாடி என்றது, இவர்கள் வருகிற வரை ஒரு வரனும் படியேறவில்லை, அப்போதும் வருத்தமில்லை. "ஜாதகம் சரியா வரலீங்க" என்றேன். சொல்லிவிட்டேன். நாற்காலி ஒரு கம்பத்தைத் தாண்டியது, கடகட. அக்கா "அப்படீங்களா" என்றார், மெதுவாக, அப்புறம் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாரோ. பொய் என்று தெரிந்துவிட்டதோ. ஒரு பொய்யும் சொல்லத் தெரியாமல் வளர்த்துவிட்டார்கள், கன்னியாஸ்திரிகள் கெடுத்த குடும்பம்.

சுவர் மேல் காற்று. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. படத்தில் பார்த்தால் சமதரை மாதிரி இருக்கும், உண்மையில் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது இரண்டு விரல் உயரம், கட்டினவனுக்கே முடிவு செய்ய முடியவில்லை போல, மலை எப்படிப் போகிறதோ அப்படியே மேலே ஏறிக் கீழே விழுந்து மறுபடி ஏறி, கண்ணுக்கு எட்டின வரை ஒரு சாம்பல் கோடு, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு காவல் கோபுரம். என்னை மறந்து நின்றுவிட்டேன். இதைப் பற்றிச் சொல்ல எனக்குள் எவ்வளவோ இருந்தது, சொன்னால் கேட்கிற மாதிரி இவரும் பக்கத்தில் நின்றார், "என்ன மனோ, ஒண்ணுமே சொல்லல, பெருசாத்தான இருக்குது?" என்றார், பாவம், அவருக்கும் நாலு நாளாகப் பேச ஆளில்லை. "பெருசுதான்" என்றேன். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" கோபுரத்துக்குள் குளிர்ச்சியாக, இருட்டாக, செங்கல் வாசனை, ஜன்னல் வழியாகக் காற்று ஊளையிட்டது. உள்ளே தனியாக நின்று, யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னேன், ஜாதகம் இல்லை. சுவர் திருப்பிச் சொல்லவில்லை, எதிரொலிக்கிற அளவுக்கு நான் சத்தமாகச் சொல்லவில்லை. இப்படியே இருந்துவிட்டால். கல்யாணம் முடிகிற வரை, அப்புறம் வளைகாப்பு வரை, அப்புறம் பேரன் பேத்தி, மகள் வாழ வேண்டுமே என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கிராம்பு, கடைசியில் வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால். பயம் என்று நான் அதிகம் பட்டதில்லை, பட்டாசு, பாம்பு, மாமியார் எதற்கும் இல்லை. அந்தச் செங்கல் இருட்டில் கழுத்து வேர்த்தது. வெளியே வந்தபோது சௌந்தரம் அக்கா கைப்பிடிச் சுவர் ஓரம் பொன்னுசாமி அண்ணனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார், கடைசி வார்த்தை மட்டும் காற்றில் வந்தது. "வேண்டாமுங்க." எது வேண்டாம். தண்ணீரா, போட்டோவா, என் மகளா. காலுக்குக் கீழே படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வைத்தேன், முழங்கால் உயரம், அப்புறம் இரண்டு விரல்.

கீழே இறங்குகிற இடத்துக்கு வந்ததும் பஸ்ஸில் பார்த்த படம் படமாக இல்லாமல் நேரில் இருந்தது. வாய்க்கால் மாதிரி வளைந்த உலோகப் பாதை, குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிப் போட்ட மாதிரி, அதன் வாயில் வரிசையாகச் சின்னச் சின்ன வண்டிகள், ஒரு ஆள் உட்காருகிற தட்டு, நடுவே ஒரு பிடி, அவ்வளவுதான். ஒரு சீனத்துச் சிறுமி ஏறி உட்கார்ந்தாள், பிடியை முன்னால் தள்ளினாள், போய்விட்டாள், வளைவில் ஒரு சத்தம், அப்புறம் மரம்தான். ஆரஞ்சுத் தொப்பிக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "விஞ்ச் எங்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். டிக்கெட் பார்க்கிற பெண் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்து, அறுபது தாண்டியவர்கள் கிடையாது என்று இவரையும் பொன்னுசாமி அண்ணனையும் தொங்கு நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டாள். இவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன், பம்ப் செட் வியாபாரத்தில்கூட அந்த முகம் வந்ததில்லை. பயமாக இருந்தால் பெண்களும் நாற்காலியிலேயே வரலாம் என்று லில்லி சொன்னாள், தொப்பிகள் திமுதிமுவென்று திரும்பி அவர்கள் பின்னால் போயின. நான் நகரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சிமெண்டுத் தரையில் போகாத பாய் ஒன்று இன்னும் எனக்குள் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆளும் நகரவில்லை. சௌந்தரம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், விரல் சில்லென்று இருந்தது. "இது விஞ்ச் இல்லீங்களா?" என்றார். "இல்லைங்க." "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்கதான. உங்களுக்குத் தெரியாதுங்களா?" "தெரியும். பஸ்லயே தெரியும்." "அப்பறம் ஏன் சொல்லல?"

கிராம்பைத் துப்பினேன். பெருஞ்சுவர் ஓரத்தில் துப்பக்கூடாது என்று நாலு மொழியில் எழுதி வைத்திருந்தார்கள், கைக்குட்டையில்தான் துப்பினேன். அப்புறம் நான் பேசவில்லை, அது பேசியது, நாலு நாளாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. "சொன்னா வாயாடிம்பீங்க. வாயைத் திறக்காதேன்னு எம் பொண்ணு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா, உங்க பையன அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. அதுக்காக ஒப்புட்டுக் கேள்விக்குத் தலையாட்டினேன், வளையல் கேள்விக்குத் தலையாட்டினேன், தொங்கிட்டு வந்த எடத்துல பொய்யும் சொல்லிட்டேன். ஜாதகம் ஒண்ணும் இல்லைங்க. தட்டைத் திருப்பிக் கொடுத்தது நான். அதே கேள்விய இன்னொருக்காக் கேட்டா இன்னொருக்காவும் கொடுப்பேன், தட்டு யாரு தட்டா இருந்தாலும் சரி. அவ வேலைய விடமாட்டா. அவளுக்கு ஒப்புட்டுத் தட்ட வராது. உங்க பையனுக்கு வருமா? வந்தா அவன் தட்டட்டும்." டிக்கெட் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். முடிந்தது, சிந்துஜா, முடித்துவிட்டேன், ஏர்போர்ட்டில் அவள் முகம், குரல் ஒரு படி இறங்குகிற அந்தப் பெயர், எல்லாவற்றையும் ஒரு வாய்க்காலில் போட்டுத் தள்ளிவிட்டேன் என்று காது இரண்டும் இரைந்தன, ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே முதுகு தானாக நிமிர்ந்ததையும் சொல்ல வேண்டும், தட்டைக் கொடுத்த அன்றைக்கு நிமிர்ந்த அதே முதுகு.

சௌந்தரம் அக்கா மணிக்கட்டை விடவில்லை. "எங்க ஊட்ல மாடு பாக்க எம் பையனே இருக்கறானுங்க" என்றார். "உங்க பொண்ணு பாலமே கட்டட்டும்." எனக்குப் பிடிபடவில்லை. மாடு என்று நான் சொல்லவே இல்லையே. "அன்னைக்கு அந்த மண்டபத்துல நானும் இருந்தனுங்க" என்றார். "அந்தப் பையன் ஊட்டு ஒறம்பரையா. மூணாவது வரிசைல, தூணுக்குப் பக்கத்துல. நீங்க தட்டக் குடுத்தத நேராப் பாத்தேன். எம் பொண்ணுக்குத் தட்டு மாத்துனப்ப இதே மாதிரி ஒரு பேச்சு வந்துச்சு, நான் வாயத் தொறக்கல, இன்னைக்கும் அவ டிகிரி பீரோவுக்குள்ள கிடக்குது. ஊட்டுக்கு வந்ததும் எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொன்னேன், எடுத்தா இந்தப் பொம்பள ஊட்ல பொண்ணு எடுக்கோணும்னு. பையனும் பொண்ணும் பேசிட்டது அப்பறம். தரகரத் தேடிப் புடிச்சு டூருக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னதே நான்தானுங்க." குரல் எரிச்சலாகியது, என் எரிச்சலை விட ஒரு பிடி கூடவே. "வந்தா நீங்க என்னமோ நோம்பு இருக்கறவங்களாட்ட உம்முனு உக்காந்திருக்கறீங்க. நாலு நாளா எனக்கே கூசற கேள்வியெல்லாம் கேட்டுப் பாக்கறேன், ஒண்ணும் வரல. ஜாதகங்கறீங்க. ஊடு மாறி வந்துட்டம், வேண்டாமுங்கன்னு இப்பத்தான் இவருகிட்டச் சொல்லிட்டு வாறேன்." நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, மூக்கில் ஏதோ வந்தது, கிராம்பு வைத்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு தும்மினேன். "இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். "மொதல்ல இதுல உசுரோட கீழ போய்ச் சேரறேன், அப்பறம் சொல்றேன்" என்றார். "பயந்தா நாற்காலில போங்க." "நீங்க?" "நான் போறேன்." "அப்ப நானும்தான். நீங்க மட்டும் கீழ போய் இவருகிட்ட ஒண்ணக் கூட்டி ரெண்டாச் சொல்லிட்டா?"

அவர் முன்னால், நான் பின்னால். முந்தானையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகிவிட்டேன், கல்யாணத்துக்குப் பெண்ணைத் தயார் செய்கிற மாதிரி, பிடியை முன்னால் தள்ளினால் போகும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நிற்கும் என்று பாடம் நடத்தினேன், கிளாஸ் எடுக்கிறா என்று யாரும் சொல்லவில்லை. தட்டு சில்லென்றிருந்தது. டிக்கெட் பெண் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது, சரிவும் நானும்தான், சிஸ்டர் பெர்னடெட், படம் சரியாகத்தான் வரைந்திருக்கிறீர்கள், மரங்கள் மஞ்சளாக இரண்டு பக்கமும் பின்னால் ஓடுகின்றன, அடிவயிறு மேலே ஏறுகிறது, முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அப்புறம் இடி. அக்கா நின்றுவிட்டார். பிடியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நடு வளைவில் பிள்ளையார் மாதிரி. என் வண்டி அவர் வண்டியில் முட்டி நிற்க, என் பின்னால் ஒரு சீனத்துப் பையன் வந்து முட்ட, அவன் பின்னால் இன்னொருத்தி, மேலே ஒலிபெருக்கியில் ஒரு குரல் சீனத்தில் கத்துகிறது, என்ன சொல்கிறது என்று எனக்குத் தெளிவாகப் புரிகிறது. "கைய முன்னாடி தள்ளுங்க" என்கிறேன். கேட்கவில்லை. கத்தினால் மலை முழுக்கக் கேட்குமே என்று ஒரு நொடி, பழக்க தோஷம், நாக்கு கிராம்பைத் தேடுகிறது. இல்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறேன், அசெம்பிளி மேடையில் நின்ற நாளிலிருந்து சேர்த்து வைத்த காற்று. "சம்மந்தி, கண்ணத் தொறந்து கைய முன்னாடி தள்ளுங்க. இல்லாட்டி நான் தள்ளிருவேன், அப்பறம் ஊருக்குப் போய், மருமகளப் பெத்தவ மலைல இருந்து தள்ளிட்டான்னு சொல்லக்கூடாது." கொண்டை திரும்பாமல் குரல் மட்டும் வருகிறது, "இந்த வாய்க்குத்தானுங்க நான் இத்தனை தூரம் வந்தேன்," பிடி முன்னால் போகிறது, வண்டி நழுவுகிறது, ஆரஞ்சுத் தொப்பி ஒன்று காற்றில் எழும்பி மரத்துக்குள் போகிறது, என்னுடையதா அவருடையதா, போகட்டும், ரோடு போடுகிற தொப்பி. கடைசி வளைவுக்கு முன்னால் மரங்கள் விலகி அடிவாரம் தெரிகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பிக் கூட்டம், அதில் ஒரு தலை மட்டும் நாங்கள் வருகிற பக்கம் திரும்பி நிமிர்ந்திருக்கிறது, இவர். என்னை அவர் பார்த்திருக்க வழியில்லை, சத்தம்தான் போயிருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற பொன்னுசாமி அண்ணனின் தோளைத் தட்டி ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார். நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன், பிரேக்கைத் தொடாதீங்க சம்மந்தி, தொடாதீங்க, அப்படித்தான், போங்க.